ரொட்டி சிண்டிகேட்

2006 டிசம்பர். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வட்டாரத்து ரொட்டி வினியோகஸ்தர்களுக்கு இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன. ரொட்டி விலை ஏறுகிறது. அவர்களுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடி குறைகிறது.

விலை ஏறுவது யாருக்கும் புதிதல்ல. ஒரு கம்பெனி ஏற்றினால் அடுத்த கம்பெனியிடம் சரக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால், இந்த முறை அடுத்த கம்பெனி என்று ஒன்று இல்லை. ‘ப்ளூ ரிப்பன்’ ரொட்டியைத் தயாரிக்கும் பிரீமியர், ‘அல்பனி’யைத் தயாரிக்கும் டைகர் பிராண்ட்ஸ், ‘சாஸ்கோ’வைத் தயாரிக்கும் பயோனியர் ஃபுட்ஸ் ஆகிய மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், கிட்டத்தட்ட ஒரே அளவில் விலையை ஏற்றின. ஒரு ரொட்டிக்கு 30, 35 சென்ட். தள்ளுபடிக்கும் மூவரும் ஒரே மாதிரி உச்சவரம்பு வைத்தார்கள்.

இந்த வினியோகஸ்தர்களைப் பெரிய வியாபாரிகள் என்று நினைத்துவிடக் கூடாது. பேக்கரியில் ரொட்டியை எடுத்து, கறுப்பின மக்களும் கலப்பின மக்களும் வாழும் டவுன்ஷிப்புகளுக்குக் கொண்டுபோய், அங்கே வீட்டு முன்னறையில் நடக்கும் ‘ஸ்பாசா’ கடைகளுக்குப் போடுகிறவர்கள். ஒரு ரொட்டியில் இவர்களுக்கு மிஞ்சுவது அந்தத் தள்ளுபடிதான். சூப்பர்மார்க்கெட் இல்லாத தெருக்களில் ஏழைகளின் காலைச் சாப்பாடு இவர்களுடைய வேனில்தான் வந்தது. அந்த வேன்களின் லாபத்தில் கை வைத்தபோதுதான் கம்பெனிகள் மாட்டிக்கொண்டன. முப்பது சென்ட்டுக்காகச் சாப்பிடுகிறவர் வக்கீலைத் தேடிப்போக மாட்டார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ரொட்டி எடுக்கும் வினியோகஸ்தர் போவார்.

போனார்கள். பிரிட்டோரியாவில் உள்ள போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கக் கண்டத்தின் போட்டிச் சட்ட வரலாற்றை எழுதுகிற யாரும் தாண்டிப்போக முடியாத வழக்கு அங்கிருந்துதான் தொடங்கியது.

அப்ரூவர்

தென்னாப்பிரிக்காவின் போட்டிச் சட்டம் 1998-ல் இயற்றப்பட்டு, 1999 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. புலனாய்வுக்கு ஓர் ஆணையம், விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு தீர்ப்பாயம், அதற்கு மேல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று மூன்றடுக்கு அமைப்பு. போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பதும், சந்தையைப் பங்கு போட்டுக்கொள்வதும், டெண்டரில் கூட்டுச் சேர்வதும் முற்றிலும் தடை. ‘இதனால் நாட்டுக்கு நன்மை’ என்று வாதாடவும் அங்கே இடமில்லை. பிடிபட்டால் ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம்.

சட்டம் கடுமைதான். சாட்சிக்கு எங்கே போவது? சிண்டிகேட் அமைப்பவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்வதில்லை. ஹோட்டல் அறையில் பேசுவார்கள்; போனில் பேசுவார்கள். மூன்று கம்பெனிகள் ஒரே நாளில் விலை ஏற்றினாலும், ‘கோதுமை விலை ஏறியது, நாங்களும் ஏற்றினோம்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். அதனால் 2004-ல் ஆணையம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கூட்டில் இருந்தவர்களில் முதலில் வந்து உண்மையைச் சொல்லி, கடைசிவரை ஒத்துழைக்கிற கம்பெனிக்கு அபராதம் கிடையாது. முதலில் வருபவருக்கு மட்டும்தான் இந்தச் சலுகை.

அந்த ‘மட்டும்’ என்பதில்தான் சூட்சுமம். அடுத்தவன் முந்திக்கொள்வானோ என்ற பயத்தில் ஒவ்வொருவருக்கும் தூக்கம் போய்விடும். ஆணையம் விசாரிக்கத் தொடங்கியதும் 2007 தொடக்கத்தில் பிரீமியர் அப்ரூவராக மாறியது. சொன்னதோ புகாரில் இருந்ததைவிடப் பல மடங்கு. மேற்கு கேப் மாகாணத்தில் மட்டுமல்ல, நாடு முழுக்க ரொட்டி விலையில் பேச்சு வைத்திருந்தோம். ‘சன்பேக்’ ரொட்டி போடும் ஃபுட்கார்ப்பும் அதில் இருந்தது. ரொட்டியோடு நிற்கவில்லை, கோதுமை மாவிலும் மக்காச்சோள மாவிலும் இதேதான். மக்காச்சோள மாவுக் கூட்டு 1999 முதலே நடந்துவந்தது.

தென்னாப்பிரிக்காவில் மக்காச்சோள மாவு என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். ‘பாப்’ என்று அவர்கள் கிண்டித் தின்னும் களிதான் கோடிக்கணக்கான வீடுகளின் அன்றாடச் சாப்பாடு. களிக்கு மாவு, காலைக்கு ரொட்டி என ஏழையின் தட்டில் இருந்த இரண்டுமே சிண்டிகேட் கையில் இருந்தன. டர்பனில் நம்மவர்கள் வீட்டுத் தட்டும் இதற்கு விலக்கல்ல. 1860-ல் சென்னையிலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் அந்த நகரம்தான் ‘பன்னி சவ்’ பிறந்த ஊர். ரொட்டியின் நடுவைக் குடைந்து அதில் கறிக்குழம்பை ஊற்றித் தருவார்கள். 

பழக்கம் எங்கிருந்து வந்தது?

பேராசைக்கார முதலாளிகள் ரகசியமாகக் கூடினார்கள், ஆணையம் பிடித்தது என்று இந்தக் கதையை முடித்துவிடலாம். பல பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. ஆனால், அவர்கள் கூடி உட்காரக் கற்றுக்கொண்டது யாரிடம் என்று பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. கற்றுக்கொடுத்தது அரசாங்கம்.

1937-ல் வந்த சந்தைப்படுத்தல் சட்டத்தின் கீழ் தென்னாப்பிரிக்காவில் விளைபொருளுக்கொரு கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது. கோதுமைக்கு ஒன்று, மக்காச்சோளத்துக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. வெள்ளை விவசாயிக்கு உறுதியான விலை கிடைக்க வேண்டும் என்பது அதன் அரசியல். விவசாயி வாரியத்துக்குத்தான் விற்க வேண்டும். மில்லுக்கு மாவு விலை அரசு சொல்லும். பேக்கரிக்கு ரொட்டி விலையும் அரசு சொல்லும். யார் மில் நடத்தலாம், யார் ரொட்டி சுடலாம் என்பதற்கும் பதிவு வேண்டும். இத்தகைய உலகத்தில் மில் முதலாளிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது குற்றமல்ல, அதுதான் வேலை.

1991-ல் ரொட்டி விலைக் கட்டுப்பாடு போனது. 1996-ன் புதிய சட்டத்துக்குப் பிறகு வாரியங்களும் கலைக்கப்பட்டன. மேசை போய்விட்டது, உட்கார்ந்திருந்தவர்கள் போகவில்லை. அதே நான்கு கம்பெனிகள், பல இடங்களில் அதே மேலாளர்கள், ஒருவர் போன் நம்பர் இன்னொருவர் டைரியில். அரசு விலை சொல்லாத உலகத்தில் விலையை எப்படி வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள அவசியமே படவில்லை. சந்தையைத் திறந்துவிட்டால் போட்டி தானாக வரும் என்று அப்போது சொன்ன நிபுணர்களின் கணக்கு இந்த இடத்தில்தான் பிசகியது.

சிமென்ட்டில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அங்கே சிண்டிகேட் சட்டபூர்வமாகவே இருந்தது. அரசின் விலக்கோடு நடந்த அந்த ஏற்பாட்டில் யாருக்கு எவ்வளவு சந்தை என்பது எழுதி வைத்த சங்கதி. விலக்கு 1996-ல் ரத்தானது. கொஞ்ச காலம் விலைப்போர் நடந்தது. சிமென்ட் கம்பெனிகளுக்கு அது ருசிக்கவில்லை. பிறகு பழைய பங்கு விகிதங்களை ஒட்டியே மீண்டும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். இந்த முறை ரகசியமாக.

ரகசிய ஒப்பந்தத்தை எல்லோரும் மதிக்கிறார்களா என்று எப்படிக் கண்காணிப்பது? அவர்கள் கண்டுபிடித்த வழியைப் பார்த்தால் எரிச்சலோடு கொஞ்சம் வியப்பும் வரும். ஒவ்வொரு கம்பெனியும் தன் விற்பனைக் கணக்கைத் தொழில் சங்கத்தின் தணிக்கையாளருக்கு அனுப்பும். அவர் மொத்தத்தைக் கூட்டித் திருப்பி அனுப்புவார். யார் கணக்கும் தனியாக வெளியே போகாது. கேட்டால், தொழில்துறைப் புள்ளிவிவரம். ஆனால் அந்த மொத்தம் மாகாணவாரியாக, ரகவாரியாக, மூட்டையா மொத்தமா என்பதுவரை பிரித்துத் தரப்பட்டது. சந்தையில் இருப்பதோ நாலே கம்பெனிகள். மொத்தத்தில் என் விற்பனை எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் என் பங்கு எனக்குத் தெரிந்துவிடும். குறைந்திருந்தால் யாரோ எல்லை தாண்டிவிட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும். சந்திக்கவே வேண்டாம். 2009-ல் பிபிசி (PPC) என்ற சிமென்ட் கம்பெனி அப்ரூவராக மாறிய பிறகுதான் இந்தக் கணக்குப் பரிமாற்றம் நின்றது. கூட்டில் இருந்த ஆஃப்ரிசாம் 2011-ல் சுமார் 12.5 கோடி ராண்டும், லஃபார்ஜ் 2012-ல் சுமார் 14.9 கோடி ராண்டும் அபராதம் கட்டின.

கட்டுமானக் கம்பெனிகளின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கட்டிய மைதானங்கள் உட்படப் பல டெண்டர்களில் யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். 2013-ல் 15 கம்பெனிகள் சேர்ந்து 146 கோடி ராண்ட் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. தோற்க வேண்டியவர் ஒப்புக்குக் கூடுதல் விலை எழுதிப் போடுவது நம் ஊர் ஒப்பந்ததாரர்களுக்கும் விளக்கத் தேவையில்லாத கலை.

அபராதம் யாருக்கு?

ரொட்டி வழக்குக்கு வருவோம். பிரீமியருக்கு விலக்கு. டைகர் பிராண்ட்ஸ் 2007 நவம்பரில் 9.88 கோடி ராண்ட் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. ஃபுட்கார்ப் 2009 ஜனவரியில் 4.54 கோடி. பயோனியர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தீர்ப்பாயத்தில் நின்று வாதாடியது. கூட்டாளிகளாக இருந்த கம்பெனிகளின் ஆட்களே எதிர்ச்சாட்சி சொன்னார்கள். 2010 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: மேற்கு கேப் குற்றத்துக்கு 4.6 கோடி ராண்ட், நாடு தழுவிய குற்றத்துக்கு 14.97 கோடி. இரண்டாவது, சட்டம் அனுமதித்த உச்சமான 10 சதவீதம்.

அதே ஆண்டு நவம்பரில் பயோனியர் மாவு வழக்குகளையும் சேர்த்து ஒரு பெரிய சமரசத்துக்கு வந்தது. 50 கோடி ராண்ட் அபராதம். அதோடு மாவு, ரொட்டி விலையைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குறைத்து 16 கோடி ராண்ட் லாபத்தை விட்டுக்கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டது. அபராதத்தில் பாதி, 25 கோடி, சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களை வளர்க்கும் நிதியாக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகத்திடம் வைக்கப்பட்டது.

அபராதத்தின் பாதியை எடுத்து, அந்தக் கம்பெனிக்கு நாளை போட்டியாக வரக்கூடியவர்களுக்கு முதலாகக் கொடுப்பது என்ற யோசனை என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கு முழுவதிலும் மிகப் புத்திசாலித்தனமானது. தண்டனை ஒரு நாள் வலி. புதிதாக முளைக்கும் மில் தினசரி வலி. சிறிய பேக்கரிகள் எவ்வளவு இழந்தன என்பதை ஆணையத்தின் பொருளியலாளராக இருந்த லிபர்ட்டி மன்கூபே பிறகு கணக்கிட்டார். மாவுக் கூட்டு நடந்த காலத்தில் சுயேச்சையான பேக்கரிகள் கூடுதலாகக் கொடுத்த விலை 7 முதல் 42 சதவீதம் வரை என்பது அவர் மதிப்பீடு. அந்த மாவை விற்றவர்களே பக்கத்துத் தெருவில் ரொட்டியும் விற்றார்கள். மாவு விலையை ஏற்றும்போது எதிராளியின் ரொட்டியும் அல்லவா விலை ஏறியது!

மீதிப் பணம்? கஜானாவுக்கு. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முப்பது சென்ட் கூடுதலாகக் கொடுத்தவருக்கு ஒரு சென்ட்கூடத் திரும்ப வராது.

இதை எதிர்த்துத்தான் அடுத்த போராட்டம். குழந்தைகள் நல அமைப்பு, ‘பிளாக் சாஷ்’ என்ற உரிமை அமைப்பு, தொழிற்சங்கக் கூட்டமைப்பின் மேற்கு கேப் கிளை உள்ளிட்டவை சேர்ந்து, ரொட்டி வாங்கிய எல்லோர் சார்பிலும் ஒரே வழக்காக நட்ட ஈடு கேட்டன. வினியோகஸ்தர்கள் தனியாகக் கேட்டார்கள். சிக்கல் என்னவென்றால், கூட்டாக வழக்குத் தொடரலாம் என்று அரசியல் சாசனத்தில் ஒரு வரி இருந்ததே தவிர, எப்படித் தொடர்வது என்று சொல்லும் சட்டம் நாட்டிலேயே இல்லை. ரசீது கிடையாது. பல லட்சம் பேர். யார் எத்தனை ரொட்டி தின்றார் என்று யார் சொல்வது?

2012 நவம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தானே விதிகளை வகுத்துக் கொடுத்தது. நுகர்வோருக்குக் கதவைத் திறந்துவிட்டு, வினியோகஸ்தர்களுக்குச் சாத்தியது. அவர்கள் விடாமல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். ‘நீதியின் நலன் எதைக் கேட்கிறதோ அதுதான் அளவுகோல், வேறு கடுமையான தடைகள் போட வேண்டியதில்லை’ என்ற பொருளில் 2013 ஜூனில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முக்கதம் வழக்கு என்று இன்று சட்டக் கல்லூரிகளில் பாடம் நடத்தப்படுவது அதுதான். பிறகு சுரங்கத்தில் சிலிக்கா தூசியால் நுரையீரல் போன தொழிலாளர்கள் தங்கக் கம்பெனிகள் மீது கூட்டாக வழக்குத் தொடர்ந்தபோது, நடந்து வந்தது இந்த ரொட்டி போட்ட பாதையில்தான்.

விலைக்கு அப்பால்

தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் முகவுரையைப் படித்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். நிறவெறிக் காலத்தின் பாரபட்சச் சட்டங்களால் பொருளாதாரத்தின் உடைமையும் அதிகாரமும் சிலர் கையில் அளவுக்கு மீறிக் குவிந்தன என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கச் சட்டங்களைப் பார்த்து எழுதிய சட்டம்தான். இந்த வரி மட்டும் அங்கிருந்து வந்ததல்ல. 1994-ல் மண்டேலா ஆட்சிக்கு வந்தபோது ஜோகனஸ்பர்க் பங்குச் சந்தையின் பெரும்பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குழுமங்களிடம் இருந்தது. ஓட்டு எல்லோருக்கும் வந்துவிட்டது, கடை மட்டும் பழைய ஆட்களிடமே இருந்தது.

ஆகவே இரண்டு கம்பெனிகள் இணையும்போது விலை ஏறுமா என்று மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. வேலை போகுமா, சிறு தொழில் நசியுமா, கறுப்பின மக்களின் பங்கு கூடுமா குறையுமா என்றும் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் வால்மார்ட், மாஸ்மார்ட் என்ற உள்ளூர் சங்கிலிக் கடை நிறுவனத்தை வாங்க வந்தபோது இது பெரிய சர்ச்சையானது. 2011-ல் தீர்ப்பாயம் அனுமதித்தது. மூன்று அமைச்சர்களும் தொழிற்சங்கமும் எதிர்த்துப் போனார்கள். 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இணைப்புக்கு முன்னால் வேலையிலிருந்து எடுக்கப்பட்ட 503 பேரைத் திரும்ப எடுக்கச் சொன்னது. உள்ளூர் உற்பத்தியாளர்களைக் கைதூக்கிவிட 24 கோடி ராண்ட் நிதியும் வைக்க வேண்டியிருந்தது.

இதைப் பொருளியல் அறிஞர்கள் பலர் முகம் சுளித்துப் பார்க்கிறார்கள். போட்டி ஆணையம் தொழிலாளர் துறையின் வேலையைச் செய்யலாமா, எந்த இணைப்புக்கு என்ன நிபந்தனை வரும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் யார் முதலீடு செய்வார்கள் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் சாரம் உண்டு. 2021-ல் அந்நாட்டு பர்கர் கிங் கடைகளை ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் வாங்க முயன்றபோது ஆணையம் தடுத்தது. போட்டிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று அதுவே ஒப்புக்கொண்டது. ஆனால், வரலாற்றில் வஞ்சிக்கப்பட்டவர்களின் பங்கு 68 சதவீதத்திலிருந்து பூஜ்யமாகிவிடும் என்பது காரணம். விற்க நினைத்தவரே கறுப்பின முதலீட்டாளர்கள் பெரும்பங்கு வைத்திருந்த நிறுவனம். தன் சொத்தை நல்ல விலைக்கு விற்கும் உரிமை அவர்களுக்கு மட்டும் இல்லையா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். பிறகு புதிய நிபந்தனைகளோடு அந்த விற்பனைக்கு அனுமதி கிடைத்தது.

இருந்தாலும் பொதுநலன் பிரிவைத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. குவிந்துபோன சந்தையை விலையை மட்டும் பார்த்துக் காவல் காத்தால், குவிந்தது குவிந்தபடியே ஒழுங்காக நடக்கும், அவ்வளவுதான். 2020-ல் பெப்சிகோ நிறுவனம் பயோனியர் ஃபுட்ஸை வாங்கியபோது தொழிலாளர்களுக்குப் பங்கு கொடுப்பது நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது. சிண்டிகேட்டில் இருந்த அந்தக் கம்பெனியின் பேக்கரிகளில், மாவு பிசைகிறவர்களுக்கு இன்று ஒரு துண்டு உடைமை இருக்கிறது. விலைக் கணக்கு மட்டும் பார்க்கும் எந்தச் சட்டமும் இதைச் செய்திருக்காது.

சட்டத்தின் பல் தேயவில்லை என்பதற்கு டேட்டா விலையும் சான்று. ‘டேட்டா விலை விழ வேண்டும்’ என்று இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிற ஏழைதான் ஒரு எம்.பி.க்கு அதிக விலை கொடுக்கிறான் என்று ஆணையத்தின் சந்தை விசாரணை 2019 டிசம்பரில் கண்டது. வோடகாம், எம்.டி.என். இரண்டும் 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்க வேண்டும் என்றது. 2020 ஏப்ரலில் வோடகாமின் ஒரு ஜி.பி. மாத பேக் 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறங்கியது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

தென்னாப்பிரிக்காவைத் தாண்டினால் காட்சி வேறு. உலக வங்கி 2016-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு மூட்டை சிமென்ட்டின் உலக சராசரி விலை 3.25 டாலர் என்றும், ஆப்பிரிக்காவில் 9.57 டாலர் என்றும் இருந்தது. உலகின் மிக ஏழைகள் வீடு கட்ட உலகத்துக்கே இல்லாத விலை. சுண்ணாம்புக்கல் இல்லாத நாடு, சாலை இல்லாத ஊர், துறைமுகத்தில் தேங்கும் சரக்கு என்று காரணங்கள் உண்டு. ஒவ்வொரு நாட்டுச் சந்தையும் சிறியது, ஒன்றிரண்டு ஆலைகளே போதும் என்பது இன்னொரு காரணம். ஆனால், புதிதாக ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்பதை ஸாம்பியா பார்த்தது. நைஜீரியாவின் டாங்கோட்டே குழுமம் 2015-ல் அங்கே எண்டோலா அருகே ஆலை திறந்ததும் சிமென்ட் விலை விழுந்தது. சொந்த நாட்டில் சந்தையின் பாதிக்கு மேல் கையில் வைத்திருக்கும் அதே டாங்கோட்டே! ஒரு ஊரில் ராஜா, அடுத்த ஊரில் புரட்சிக்காரர்.

கென்யாவில் போட்டி ஆணையம் 2011-ல்தான் வேலையைத் தொடங்கியது. அதன் பெயர் சொல்லும் வழக்கு எம்-பெசா. 2007-ல் சஃபாரிகாம் தொடங்கிய இந்தக் கைபேசிப் பணச் சேவை நாட்டையே மாற்றியது. பணம் போட, எடுக்க மூலைக்கு மூலை ஏஜென்ட் கடைகள். அந்தக் கடைகள் வேறு கம்பெனியின் பணச் சேவையை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சஃபாரிகாமின் நிபந்தனை. இந்தியாவின் பார்தி குழுமம் 2010-ல் ஆப்பிரிக்காவில் வாங்கிய கம்பெனிகளில் ஒன்றான ஏர்டெல் கென்யா புகார் கொடுத்தது. 2014 ஜூலையில் சஃபாரிகாம் அந்த நிபந்தனையை விலக்கிக்கொண்டது. வெற்றிதான். ஆனாலும், மக்கள் பணத்தை அனுப்புவது இன்றும் பெரும்பாலும் எம்-பெசாவில்தான். கடைக்காரர் கட்டு அவிழ்ந்தது. எல்லோரும் அதில் இருப்பதால் நானும் அதில் இருக்கிறேன் என்கிற வாடிக்கையாளரின் கட்டு அவிழவில்லை. இதற்கு எந்த ஆணையத்திடமும் எளிய மருந்து இல்லை. பழைய பாணிக் குற்றங்களும் ஓயவில்லை. 2023 ஆகஸ்டில் ஒன்பது ஸ்டீல் கம்பெனிகள் விலையைப் பேசி வைத்ததற்காக 33.88 கோடி கென்ய ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது.

நைஜீரியா இன்னும் துணிந்தது. 2018-ன் சட்டத்தில் பிறந்த அதன் ஆணையம், வாட்ஸ்அப் தனியுரிமைக் கொள்கையை வைத்து 2024 ஜூலையில் மெட்டாவுக்கு 22 கோடி டாலர் அபராதம் போட்டது. 2025 ஏப்ரலில் தீர்ப்பாயமும் அதை உறுதிசெய்தது.

தனி நாடுகள் இப்படி ஆளுக்கொரு பக்கம் முயல, கம்பெனிகளோ எல்லைகளைப் பார்ப்பதில்லை. ஜோகனஸ்பர்க்கில் தலைமையகம் வைத்துக்கொண்டு விண்ட்ஹுக், கேபரோன், லுசாகா என்று கடை விரிக்கிறார்கள். அதனால்தான் 21 நாடுகள் சேர்ந்த கொமேசா அமைப்பு, மலாவியின் லிலாங்வேயில் இருந்து இயங்கும் பொதுவான போட்டி ஆணையத்தை 2013-ல் உயிர்ப்பித்தது. 2023 பிப்ரவரியில் கண்டம் தழுவிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் போட்டிக் கொள்கை நெறிமுறையையும் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. தென்னாப்பிரிக்கா கொமேசாவில் இல்லை. கண்டத்தின் அனுபவம் மிக்க ஆணையமும் கண்டத்தின் பெரிய பொது ஆணையமும் வேறு வேறு வீடுகளில் இருக்கின்றன.

அதன் விலை என்ன என்பதற்குச் சிமென்ட் வழக்கின் ஒரு சின்னக் கணக்கே போதும். அந்தச் சிண்டிகேட் தென்னாப்பிரிக்காவோடு நிற்கவில்லை. அண்டை நாடுகளின் சந்தையையும் சேர்த்தே பங்கு போட்டிருந்தது. ஆஃப்ரிசாமுக்கும் லஃபார்ஜுக்கும் அபராதம் கணக்கிட்டபோது நமீபியா, போட்ஸ்வானா, லெசோதோ, ஸ்வாசிலாந்து உட்பட்ட சுங்க ஒன்றியப் பகுதி முழுவதிலும் அவர்கள் விற்ற சிமென்ட்டின் மதிப்பைத்தான் அடிப்படையாக வைத்தார்கள். லெசோதோவின் மாசேருவில் வீடு கட்டியவர் கொடுத்த காசும் அந்தத் தொகையில் சேர்ந்தது. வசூலான அபராதம் பிரிட்டோரியாவின் கஜானாவில் வரவு வைக்கப்பட்டது.